பெயர் சொல்லாத ஜெபம்

‘திருமதி இசில்மா மொடெஸ்ட், பதிவேட்டு எழுத்தர், இரண்டாம் நிலை. இருபத்தாறு ஆண்டுப் பணிக்காலத்தில் இவர் பொறுப்பிலிருந்த மனநலக் கோப்புகளிலிருந்து ஒரு செய்திகூட வெளியே கசிந்ததில்லை. நாவடக்கத்திலும் நம்பகத்திலும் இவ்வட்டாரப் பணியாளர் அனைவருக்கும் இவர் ஓர் எடுத்துக்காட்டு.’

இந்த வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆன்ஸ் வெர்ட் சுகாதார நிலையத்தின் கூடத்தில், கொசு ஒழிப்புப் படத்துக்கும் நின்றுபோன கடிகாரத்துக்கும் நடுவில் தொங்குகிறது. மாட்டியவர் யாரோ, சரியாக இசில்மாவின் கண் மட்டத்துக்கு ஆணி அடித்துவிட்டார். பதிவேட்டு அறைக்குப் போக அவள் அதைக் கடந்தாக வேண்டும். முதல் மாதம் தரையைப் பார்த்துக்கொண்டு கடந்தாள். பிறகு மருந்தறை வழியாகச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டாள். இருபது அடி கூடுதல். ஐம்பத்து மூன்று வயதில், கனத்த உடம்போடு, நாளைக்குப் பத்துத் தடவை அந்த இருபதடியைச் சுற்றுகிறவளைப் பார்த்து, உடம்பு இளைக்க நடக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியிருக்கிறது. ஊரிடம் எப்போதும் ஏதாவது ஒரு முடிவு தயாராக இருக்கும்.

இசில்மா தன் வேலையில் கெட்டிக்காரி. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

மனநல மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமை, டவுனிலிருந்து வருவார். மற்ற நோயாளிகளுக்குப் பழுப்புக் கோப்பு; அவருடைய நோயாளிகளுக்கு மட்டும் பச்சை. தனியாக இருக்கட்டும், தவறியும் பிறர் கை படக் கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எப்போதோ போட்ட ஏற்பாடு. விளைவு, யார் பெயருக்குப் பச்சை வெளியே வந்தது என்பது ரோட்டில் மீன் விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்தது. இரகசியத்துக்கு ஓர் அடையாளம் வேண்டுமென்று கொடி கட்டி விட்ட மாதிரி. இசில்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, யாரும் சொல்லாமல், பழைய பழுப்பு அட்டைகளை வெட்டிப் பசை தடவி, ஒவ்வொரு பச்சைக் கோப்புக்கும் ஒரு மேலுடுப்பு போட்டுவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி எண் கொடுத்தாள். ஊர் எண்களை மனப்பாடம் செய்ததும், மாதாமாதம் எண்ணை மாற்றினாள். இரும்பு அலமாரியின் சாவி ஒரு நாடாவில் அவள் கழுத்தில், ரவிக்கைக்குள் கிடந்தது.

நோயாளிகளும் தங்கள் பங்குக்கு ஒத்துழைத்தார்கள். ஆன்ஸ் வெர்ட்டில் யாருக்கும் மனநோய் கிடையாது. எல்லாருக்கும் பிரஷர்தான்.

"என்ன ஆல்பன், பிரஷரா?"

"பிரஷர்தான் மிஸ் இசில். விட மாட்டேங்குது."

"உப்பைக் குறைச்சியா?"

"அம்மா உப்பு டப்பாவையே ஒளிச்சு வெச்சிருக்காங்க மிஸ்."

"நல்லது. உக்காரு. இன்னைக்கு நீ ஒன்பது."

முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் இந்தப் பேச்சை இருவரும் பதினோரு வருஷம் பேசினார்கள்.

ஆல்பன் மேப்ஸன் பஸ் ஓட்டுகிறவன். 2004-இல் ஐவன் புயல் எங்கள் தீவின் கூரைகளையெல்லாம் ஒரே நாளில் கழற்றிக்கொண்டு போனபோது, அவனுடைய கூரையோடு இன்னும் ஏதோ கொஞ்சமும் சேர்ந்து போயிற்று. அந்த வருஷம் ஊரில் பாதிப்பேர் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள், சுவர் மிஞ்சியவர்கள். கோப்பு விழுந்தது அவனுக்கு. நோயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கதையில் ஒருவராவது அதைச் செய்யாமல் இருக்கட்டும். மாத்திரை ஒழுங்காகப் போட்டான், புத்தியும் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் வருஷம் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, முன்கண்ணாடிக்கு மேலே ‘கண்டுக்காதே’ என்று மஞ்சள் எழுத்தில் எழுதிக்கொண்டான். எங்கள் கரையில் பேரில்லாத பஸ்ஸில் யாரும் ஏற மாட்டார்கள்.

காலையில் பள்ளிப் பிள்ளைகள், அதன் பிறகு டவுனுக்குப் போகிறவர்கள். பதினெட்டு இருக்கை, இருபத்திரண்டு பேர். இறங்க வேண்டியவர் கூரையைத் தட்டுவார். தட்டிய இடத்தில் வண்டி நிற்கும். மேற்குக் கரையிலேயே மிக மெதுவாக ஓட்டுகிறவன் ஆல்பன்தான். மற்ற டிரைவர்கள் அவனை முந்தும்போதெல்லாம் ஹாரன் அடித்து, "யார்றா செத்தது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை அவனிடம் மட்டுமே ஏற்றி விட்டதற்கு அந்தக் கேலிதான் காரணம்.

2016 ஜனவரிச் செவ்வாய்க்கு ஆல்பன் வரவில்லை. பிப்ரவரிச் செவ்வாய்க்கும் வரவில்லை.

இசில்மா புதிதாக வந்திருந்த இளம் மருத்துவரிடம் வராதவர்களின் பட்டியலை நீட்டினாள். மூன்று மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்த்து முடித்திருந்த அவர், தலை தூக்காமல், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். நர்ஸ் கேலிஸ்டிடம் சொல்லலாம் என்றால், அவள் பயிற்சிக்காகப் பார்படோஸ் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாக வந்திருந்த நர்ஸ், ஆல்பனின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆல்பனின் மனைவியும் அதைப் பிரஷர் என்றுதான் நம்பியிருந்தாள். ஆகவே இரகசியம் காக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இசில்மா அந்த நர்ஸிடம் வாய் திறக்கவில்லை.

அவனையே கேட்டிருக்கலாம். கேட்டால் பதினோரு வருஷமாக இருவரும் கட்டிக் காத்த பிரஷர் உடைந்து விழும். அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, தினமும் காலையில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பஸ் கடக்கும்போது அவன் முகத்தைப் படித்தாள். ஒரு நாள் பாடிக்கொண்டே ஓட்டினான். கெட்ட அறிகுறி என்று எண்ணினாள். மறுநாள் பாடாமல் ஓட்டினான்; அது இன்னும் கெட்ட அறிகுறி.

வீட்டில் சொல்லிப் புலம்ப ஆளில்லை. ஒரே மகள் புரூக்ளினில். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவாள். இருபத்தாறு வருஷமாக ஊரின் பாதி மனசுகளை ரவிக்கைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, அவை தன்னிடம் இருக்கின்றன என்று சொல்லக்கூட ஒருவர் இல்லாமல் இருந்தவளுக்கு, சொல்வதற்கு அனுமதி உள்ள இடமாக ஒன்றே ஒன்று தெரிந்தது. ஆண்டவர்.

ஆண்டவரோடு தனியாகப் பேசியிருக்கலாம். அவள் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போனாள்.

அவளுடைய சபையில் ஜெப விண்ணப்பம் வைப்பதற்கு ஒரு விதி உண்டு. பெயர் சொல்லக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் தன் கணவனின் குடிக்காகப் பெயரும் கடையின் பெயரும் சொல்லி விண்ணப்பம் வைத்தாள். வாசலில் காற்று வாங்க நின்றிருந்த கணவன் காதில் அது விழுந்து, வெட்டுக்கத்தியோடு உள்ளே வந்துவிட்டான். அன்றிலிருந்து போதகர், "பேர் வேண்டாம் சகோதரிகளே, ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லித்தான் கூட்டத்தைத் தொடங்குவார். ஆண்டவருக்கு உடனே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அரை நிமிஷம் ஆகும். ‘ஒரு சகோதரியின் மூத்த மகன், வெளிநாட்டில், தப்பான துணையோடு’ என்றால், கண்ணை மூடியபடியே பத்தொன்பது பேரும் வீடு வீடாகப் போய்ச் சரியான கதவில் நின்றுவிடுவார்கள். பெயர் தடைப்பட்ட பிறகு அந்தச் சபையில் ஊகிக்கும் திறமை அபாரமாக வளர்ந்திருந்தது.

இசில்மாவுக்கு இது தெரியாதா? அவளே அந்தக் கதவுகள் பலவற்றில் போய் நின்றவள்தான். ஆனால் பெயர் சொல்லாதே என்று கிளினிக்கிலும் விதி, சபையிலும் விதி. இரண்டு வேலிகளுக்கு நடுவில் நின்று பேசுகிறோம், எது வெளியே போய்விடப்போகிறது என்று அவள் நினைத்தாள். அல்லது, நினைத்ததாகப் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் எழுந்ததும் யாரும் பெரிதாக நிமிரவில்லை. இசில்மா எழுந்தால் மகளின் முழங்கால்தான்.

"ஒரு சகோதரனுக்காக ஜெபிக்கணும்" என்றாள். "பேர் வேண்டாம். நம்ம ஊர்ப் பிள்ளைங்க எத்தனையோ பேரோட உயிர் தினமும் அவன் கையில இருக்கு. மனசுக்காக அவன் போட்டுட்டு வந்த மருந்தை விட்டுட்டானோன்னு எனக்குப் பயமா இருக்கு. ஆண்டவர் அந்தக் கையைப் பிடிச்சுக்கணும்."

இதோடு அவள் உட்கார்ந்திருக்கலாம். அறையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பத்தொன்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு தான் பேசுவதைக் கேட்கிறார்கள் என்பது அவளுக்குக் கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. முழங்காலுக்கு யாரும் மூச்சை அடக்கியதில்லை.

"அந்த ஸ்டியரிங்கையும்" என்று முடித்தாள்.

அந்தச் சொல் ஜெபத்துக்குத் தேவையே இல்லை. வாக்கியம் நன்றாக முடிய வேண்டுமென்று வந்தது.

"ஆமென்" என்றார்கள். சாதாரண ஆமென் இல்லை. நெஞ்சிலிருந்து, ஒரே குரலில், பசியாறியவர்கள் சொல்வது போன்ற ஆமென். உட்கார்ந்தபோது இசில்மாவுக்கு உடம்பு லேசாக இருந்தது. இரண்டு பேர் அவள் கையைத் தொட்டார்கள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. அதற்குப் பிந்தைய நாள்களில் எதையெதையோ மன்னித்துக்கொள்ள முயன்றாள். இந்த ஒன்றின் பக்கம் போகவே அவளால் முடியவில்லை.

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு சிஸ்டர் ஃபிலோ கூட வந்தாள். நல்ல மனசு, ஓயாத வாய். அவளுடைய கடைக்குட்டி ஆல்பன் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறது.

"நான் ஒண்ணும் கேக்கல, சிஸ்டர் மொடெஸ்ட்."

"கேக்காதே."

"கேக்கலன்னுதான் சொல்றேன். ஆனா என் கடைக்குட்டி ஒரு பஸ்ல போகுது."

"நான் எந்த பஸ்ஸையும் சொல்லல."

"நீ எங்க சொன்னே? உன் வாயி சிப்பி. ஆனா ‘அது இல்ல ஃபிலோ’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நான் நிம்மதியா தூங்கறேன்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை, கண் இமைக்காமல், பிரஷர் என்று சொன்னவள்தான். ஆனால் ஜெபம் முடிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த வாயால் பொய் சொல்ல வேண்டாமே என்று தோன்றியது.

"நான் எதுவும் சொல்லக் கூடாது ஃபிலோ" என்றாள்.

"ஆண்டவரே!" என்றாள் ஃபிலோ. அவள் நடை இரண்டு மடங்கு வேகமானது.

மறுநாள் வியாழக்கிழமை. ‘பிறகு’ என்று எழுதி ஒட்டிய தட்டு ஒன்று இசில்மாவின் மேசையில் உண்டு. டெங்குக் காய்ச்சல் சுவரொட்டிகள் ஒரு கட்டு அதன்மேல் டிசம்பரிலிருந்து கிடந்தது. ஒட்டலாம் என்று அதைத் தூக்கியபோது, அடியில் ஒரு கடிதம். டவுனிலுள்ள கிளினிக்கிலிருந்து. ‘திரு. ஆல்பன் மேப்ஸன் தினமும் நண்பகலில் டவுனில் இருப்பதால், அவர் வேண்டுகோளின்படி இனி இங்கேயே மருந்து பெறுவார். நலமாக இருக்கிறார். கோப்பின் நகல் அனுப்பவும்.’ தேதி, டிசம்பர் பதினான்கு.

அலமாரியை இவ்வளவு காலம் இரும்பாகக் காத்தவள், அதற்குள் வைக்க வேண்டிய ஒரு காகிதத்தை மேசைமேல் மறந்திருந்தாள்.

தேதி முத்திரையை எடுத்தாள். டிசம்பருக்குத் திருப்பினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி மார்ச்சுக்குத் திருப்பிக் குத்தினாள். அந்த வாரம் அவள் செய்த ஒரே நேர்மையான காரியம் அந்த முத்திரை.

திங்கட்கிழமை காலை பஸ் நிற்கும் பாதாம் மரத்தடியில், தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பக்கம் ரொட்டி வாங்க நின்றிருந்த இசில்மாவின் காதில் எல்லாம் விழுந்தது.

"பிரேக் சரியில்லையாம்."

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. ஓட்டறவனுக்குத்தான்."

"புயலுக்கப்புறம் அவன் மாமரத்துமேல உக்காந்து பாடினானே, ஞாபகமில்ல?"

"அப்ப எல்லாருமே மரத்தடியில உக்காந்து பாடினோமேடி, வீடு எங்க இருந்துச்சு?"

"நாம அடியில. அவன் மேல."

‘கண்டுக்காதே’ வந்து நின்றது. ஆல்பன் கதவைத் திறந்துவிட்டான். "வாங்க வாங்க, மணி அடிச்சுடுவாங்க."

ஒருவரும் அசையவில்லை. ஃபிலோதான் பேசினாள். "இன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஆல்பன்."

பிள்ளை சீருடையும் பையுமாக, வெளுத்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நின்றது.

"எல்லாப் பிள்ளைக்குமா ஃபிலோ டான்ட்டி?"

"பரவுதுப்பா."

அவன் பிள்ளைகளை ஒரு தடவை வரிசையாகப் பார்த்தான். தலையசைத்தான். கதவை மூடிக்கொண்டு, எப்போதும்போல் மெதுவாக, நான்கு பேரோடு போனான். வெள்ளிக்கிழமைக்குள் அந்த நான்கு பேருக்கும் காய்ச்சல் வந்துவிட்டது.

இசில்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல எண்ணத்தில் அவளுக்கு எப்போதும் குறையில்லை. கிளினிக்குக்கு அவள் வீட்டிலிருந்து ஆறு நிமிஷ நடை. அடுத்த திங்கள் முதல் அவள் பஸ் ஏறினாள். டிரைவர் பக்கத்து முன்னிருக்கையில், எல்லார் கண்ணிலும் படும்படி, தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானே பயமில்லாமல் உட்கார்கிறேன், உங்களுக்கென்ன என்று ஊருக்குக் காட்டுவதாக ஏற்பாடு. கிளினிக் வந்ததும் கூரையைத் தட்டி, வேண்டுமென்றே மெதுவாக இறங்கினாள். சாயங்காலமும் அதே. நான்கு நாள் இது நடந்தது.

வியாழக்கிழமை மாலை, ரொட்டிக் கடையில் அவள் உள்ளே இருப்பது தெரியாமல் இருவர் பேசிக்கொண்டார்கள்.

"பாத்தியா, இப்ப கிளினிக்லேர்ந்தே ஆள் போட்டுட்டாங்க, கூட உக்கார."

"அவ்வளவு முத்திடுச்சா?"

"மிஸ் இசில்மா பையில ஊசி வெச்சிருப்பா. துள்ளினா ஒரே குத்து."

அவள் பையில் எண்ணெயில் பொரித்த இரண்டு ரொட்டியும் கொஞ்சம் கருவாடும் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அவள் ஒருத்திதான். கிளினிக் வருவதற்கு முன்னாலேயே, கடலோரத்தில், ஆல்பன் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தான்.

"மிஸ் இசில், நாளைலேர்ந்து ஏறாதீங்க."

"ஏன் ஆல்பன்? நான் இருந்தா..."

"நீங்க இருந்தா நான் கைதி மாதிரி இருக்கேன்."

அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவன் கண்ணாடி வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"யார் சொன்னாங்கன்னு யோசிச்சேன் மிஸ். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியதில்ல. டவுன்ல என்னை யாருக்கும் தெரியாது. இங்க அந்த அலமாரிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அலமாரி சபைக்குப் போறதில்ல."

"நான் பேர் சொல்லல ஆல்பன்" என்றாள். சொன்ன மறுகணமே, அந்த வாக்கியத்தின் விலை என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தெரியும். பேரைத் தவிர எல்லாம் சொன்னீங்க."

"நீ ரெண்டு மாசமா வரல. மருந்தை விட்டுட்டியோன்னு பயந்துட்டேன். பிள்ளைங்க இருக்கே..."

"கேட்டிருக்கலாமே மிஸ்." முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். "உப்பு எப்படி இருக்கு ஆல்பன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இப்ப டவுன்ல குறைக்கிறேன் மிஸ்னு சொல்லியிருப்பேன். பதினோரு வருஷமா அப்படித்தானே பேசிக்கிட்டோம்? உங்களுக்குப் புரிஞ்சிருக்காதா?"

புரிந்திருக்கும். இந்த வழி அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எங்கம்மாவும் பிரஷர்னுதான் நம்பினாங்க" என்றான். "ஆயில் டவுன் குழம்புல உப்புக்கண்டம் போடாம நம்ம தெருவுல வேற யாராவது சமைப்பாங்களா? அவங்க சமைச்சாங்க. எனக்குத் துணையா அவங்களும் அதையேதான் சாப்பிட்டாங்க. போன வருஷம் போற வரைக்கும். அடக்கம் பண்றப்ப நினைச்சேன், பாவம், சப்புன்னே சாப்பிட்டுச் செத்தாங்களேன்னு. இப்ப நினைக்கிறேன், நல்ல நேரத்துல போனாங்கன்னு."

இசில்மா அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"புதன்கிழமை சபையில எழுந்து, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்."

"என் பேரைச் சொல்லியா மிஸ்?" அவன் சிரித்தான், அது சிரிப்பாக இல்லை. "இப்ப அவங்ககிட்ட இருக்கிறது ஊகம். நீங்க எழுந்து மன்னிப்புக் கேட்டா அது சான்றிதழ். முத்திரையோட. தயவுசெஞ்சு ஊர்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிடாதீங்க."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"இறங்குங்க மிஸ்."

பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் அவள் கை மேலே போய்க் கூரையைத் தட்டியது. இருவருமே அதைக் கேட்காததுபோல் இருந்துகொண்டார்கள்.

ஏப்ரலில் விசாரணை வந்தது. ஆல்பன் வேண்டாமென்றுதான் சொல்லியிருந்தான். டவுனில் இருக்கும் அவன் அக்காள் கேட்கவில்லை. என் தம்பியின் மருத்துவ இரகசியம் கிளினிக்கிலிருந்து கசிந்திருக்கிறது என்று வட்டார அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். அங்கிருந்து மிஸ்டர் பியர் என்பவர், இஸ்திரி போட்ட சட்டையும் கேள்விப் பட்டியலுமாக வந்தார். அலமாரியின் பூட்டை ஆட்டிப் பார்த்தார். கீல்களைத் தட்டிப் பார்த்தார். முதுகுப்பக்கத்தைக்கூட நகர்த்திப் பார்த்தார்.

"சாவி?"

இசில்மா நாடாவை வெளியே இழுத்தாள்.

"எப்பவும் உங்ககிட்டதானா?"

"ஆமா சார்."

"குளிக்கும்போது?"

"குளிக்கும்போதும்."

மிஸ்டர் பியர் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார். "கோப்பை யாராவது வெளியே எடுத்துப் போனாங்களா? நகல்? படம்?"

"இல்லை சார்."

பழுப்பு மேலுடுப்புகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது யார் யோசனை?"

"என்னோடது."

"அடடா! நாங்க இதுக்குக் குழு போட்டு நாலு வருஷமா பேசிட்டிருக்கோம்." ஆல்பனின் கோப்பைப் புரட்டினார். டிசம்பர்க் கடிதத்தில் மார்ச் முத்திரையைப் பார்த்தார். இசில்மாவுக்கு மூச்சு நின்றது. நின்றதில் ஒரு நிம்மதியும் இருந்தது. கண்டுபிடித்துவிட்டார், இனி நானாகச் சொல்ல வேண்டியதில்லை.

"மூணு மாசம் தாமதம்" என்றார் மிஸ்டர் பியர். "பரவாயில்லை. எங்க ஆபீஸ்ல மூணு வருஷம்."

பட்டியலின் கடைசிக்கு வந்துவிட்டார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "வேற ஏதாவது சொல்ல இருக்கா, மிஸஸ் மொடெஸ்ட்?" என்றார்.

கதவு சாத்தியிருந்தது. ஆல்பன் பேச வேண்டாமென்று கேட்டுக்கொண்டது ஊரில். மிஸ்டர் பியர் ஊர் இல்லை. கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். அவரிடம் சொன்னால் அது அவளுடைய சொந்தக் கோப்பில் ஏறும். அந்தக் கோப்பும் பூட்டி வைக்கப்படும். யார் கண்ணிலும் படாது. இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு இந்த வித்தியாசங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இல்லை சார்" என்றாள்.

ஆல்பன் கேட்டுக்கொண்டதற்காகத்தான் அப்படிச் சொன்னதாக ஒரு வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

‘நிலையத்திலிருந்து எந்தக் கசிவும் இல்லை, ஊர் வதந்தியே காரணம்’ என்று அறிக்கை போயிற்று. அறிக்கையோடு ஒரு பரிந்துரையும் போயிற்று. மே மாதம், பணியாளர் தினக் கூட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு இசில்மா மேடையேறிச் சட்டம் போட்ட பத்திரத்தை வாங்கிக்கொண்டாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். வாங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் அவள் கண்ணை மூடியிருக்கிறாள்.

இறங்கி வந்தவளை ஃபிலோ கட்டிக்கொண்டாள். "உன் வாய் மாதிரி ஒரு வாயை ஆண்டவர் எனக்குக் குடுக்கலியே!" என்றாள். இசில்மா அவள் முகத்தில் கேலியைத் தேடினாள். துளிகூட இல்லை. ஃபிலோ மனசார நம்புகிறாள். இசில்மா பெயரைச் சொல்லவே இல்லையே.

அதே மாதம் ஆல்பன் பஸ்ஸை விற்றுவிட்டான். வாங்கியவன் ‘கண்டுக்காதே’யைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதிக்கொண்டான், வேகமாக ஓட்டுகிறான், பிள்ளைகளின் காய்ச்சல் தணிந்துவிட்டது. ஆல்பன் தீவின் அந்தப் பக்கம், கல்லுடைக்கும் இடத்தில், மணல் லாரி ஓட்டுகிறான். மணல் பாதியில் இறங்குவதில்லை. ஊர்ப் பக்கம் அதிகம் வருவதில்லை. "பாவம், நல்ல டிரைவர்" என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். பெயர் சொல்லாமல் அவனுக்காக இன்னும் ஜெபிக்கிறார்கள்.

இசில்மா புதன்கிழமைகளைத் தவறவிடுவதில்லை. வராமல் போனால் ஏன் என்று கேட்பார்கள். எழுந்து, மகளின் முழங்காலுக்காக விண்ணப்பம் வைத்துவிட்டு உட்காருகிறாள்.

2016 மார்ச் இரண்டாம் தேதி, புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஆல்பன் மேப்ஸன் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறான் என்பதை இசில்மா மொடெஸ்ட் பத்தொன்பது பேரிடம் சொன்னாள். ஏப்ரலில் கேட்டபோது, சொல்லவில்லை.